பட்டாணியின் மத்தியானம்

கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் பீரங்கி. அவர் வாயைத் திறந்து வாய்ப்பாடு சொன்னால், பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மனப்பாடம் ஆகிவிடும். குரலுக்கு ஏற்ற உடம்பு. நாற்காலியில் அவர் உட்காரும்போது நாற்காலி ஒரு சத்தம் போடும். எழுந்திருக்கும்போது அவர் ஒரு சத்தம் போடுவார். அந்த உடம்புதான் அன்றைக்கு அவரை மாட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து முதலுதவி சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸம்மா வந்திருந்தார். கட்டுப் போடுவது, தீப்பட்ட இடத்தில் தண்ணீர் விடுவது எல்லாம் முடிந்தது. "இப்ப கீழ விழுந்தவங்கள எப்படி எழுப்பறதுன்னு பார்ப்போம். யாராவது விழணுமே" என்று நர்ஸம்மா சுற்றிலும் பார்த்தார்.

ஏழாம் வகுப்பு மொத்தமும் "பீரங்கி..." என்று ஆரம்பித்து, சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "கணக்கு சார்!" என்று முடித்தது.

சரி, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று அவரும் தரையில் மல்லாந்தார். முதலில் வந்தவன் மலை. வயதுக்கு மீறி வளர்ந்த பையன். கூடவே இரண்டு கூட்டாளிகள். ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான், ஒருவன் காலைப் பிடித்து இழுத்தான். மலை அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். சாருக்குக் கூச்சம் தாங்கவில்லை. அவர் சிரிக்க, வயிறு குலுங்க, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தூக்க வந்த மூன்று பேரும் சார் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"வேற யாரு?" என்றார் நர்ஸம்மா.

கடைசி வரிசையிலிருந்து பட்டாணி எழுந்து வந்தாள். வகுப்பிலேயே குட்டி அவள்தான். பெயர் வந்ததும் அதனால்தான். பீரங்கிக்கு அவளை நன்றாகத் தெரியும். அவருடைய வகுப்பு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரும் வகுப்பு. அதற்கு அவள் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. வியர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நிற்பாள். "மகாராணி வந்தாச்சா? ஊர்கோலமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்பார் அவர். வகுப்பு சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, பின்னம் எது, பெருக்கல் எது என்று தெரிவதற்குள் கன்னத்தில் கைவைத்தபடி தூங்கிப் போவாள்.

இப்போது அவள் சாரைத் தூக்க வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டாள். பிறகு அவருக்கு முகம் தெரிகிற மாதிரி மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"எங்கயாவது வலிக்குதா?"

"எல்லா இடமும் வலிக்குது" என்றார் சார். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அவசரமே இல்ல. கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, சாரின் சிரிப்பு தானாக அடங்கிப்போனது. ஒரு பக்கமாகத் திரும்பச் சொன்னாள், திரும்பினார். கையை ஊன்றச் சொன்னாள், ஊன்றினார். முட்டி போட்டுக்கொண்டு நாற்காலியைப் பிடிக்கச் சொன்னாள். "என்னைப் புடிக்காதீங்க, நாற்காலியப் புடிங்க. என்னைப் புடிச்சா ரெண்டு பேரும் விழுவோம்." இடுப்பில் ஒரு சின்னக் கை, முதுகில் ஒரு சின்னக் கை. அவ்வளவுதான். பீரங்கி எழுந்து நின்றுவிட்டார். எப்படி நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் அவரை என்னவோ செய்தது. வயிற்றுக்கு மேல் ஏறியிருந்த சட்டையை, யாரும் பார்ப்பதற்கு முன்னால், கீழே இழுத்துவிட்டாள். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். தன் பாதத்தை அவருடைய செருப்புக்கு முன்னால் குறுக்கே வைத்து, அதைத் தாண்டச் சொல்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்து, "போலாம் ரைட்!" என்றாள்.

வகுப்பு வெடித்தது. பட்டாணிக்கு அப்போதுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது போல. முகம் செத்துப்போனது. விடுவிடுவென்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்பும்போது நர்ஸம்மா பீரங்கியைத் தனியே கூப்பிட்டார். "சார், அந்தப் பொண்ணு வீட்டுல யாருக்கோ முடியல. இது ஒரு நாள் ரெண்டு நாள்ல பழகற கை இல்ல. கேட்டுப் பாருங்க. ஆனா மெதுவா கேளுங்க."

மெதுவாகக் கேட்பது ஒன்றுதான் பீரங்கியிடம் இல்லாத வித்தை. மறுநாள் பட்டாணியை வராந்தாவில் நிறுத்தி, குனிந்து, ரகசியமாக, "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். வராந்தாவில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார்" என்றாள் பட்டாணி. கண் அவர் சட்டைப் பொத்தானில் இருந்தது.

அதற்கு மேல் அவர் கிண்டவில்லை. ஆனால் ஊர்கோலக் கேள்வியை அன்றோடு நிறுத்திவிட்டார். மத்தியான மணி அடித்தால் ஜன்னல் பக்கம் போய் நிற்பார். எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பட்டாணி மட்டும் பின்பக்கக் கதவை நோக்கி ஓடுவாள். ரொட்டி வண்டி வந்து போவதற்காகத் திறந்து வைத்திருக்கும் கதவு. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து மறைந்துவிடுவாள்.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான். அந்த அம்மாளும் நல்ல எண்ணத்தில்தான் பதறினார். "சின்னப் பொண்ணு, நட்ட நடு மத்தியானம், தனியா ரோட்டுல... ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?" உடனே வாட்ச்மேனுக்கு உத்தரவு போனது: ரொட்டி வண்டி மத்தியான மணிக்கு முன்பே வந்து போக வேண்டும், அது போனதும் பின்கதவில் பூட்டு.

மறுநாள் மணி அடித்தது. பீரங்கி டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கவில்லை, வெளியே தடதடவென்று கதவு அதிர்கிற சத்தம் கேட்டது. கையைக் கழுவாமல் ஓடினார்.

பட்டாணி இரும்புக் கதவில் பாதி தூரம் ஏறியிருந்தாள். வாட்ச்மேன் கீழே நின்றுகொண்டு, "இறங்கு பாப்பா, இறங்கு தாயி, என் வேலைக்கு உலை வைக்காத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கால் வழுக்கி விழுந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. அதைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்த வேகத்தில் பீரங்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், கதவத் தொறக்கச் சொல்லுங்க சார். அப்பாவுக்கு மாத்திரை குடுக்கணும். நான் போகலன்னா அவரு அப்படியே நின்னுட்டு இருப்பாரு சார். விழுந்துருவாரு சார்."

இவ்வளவு நாளும் வாயைத் திறக்காத பிள்ளை. சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. "தொறய்யா கதவ!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் சாவியைக் கீழே போட்டு எடுத்துத் திறந்தார்.

பீரங்கியின் ஸ்கூட்டர் அவர் ஒருவரைச் சுமப்பதற்கே அலுத்துக்கொள்ளும். அன்றைக்கு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு முனகாமல் ஓடியது. பின்னாலிருந்து பட்டாணி வழி சொன்னாள். மருந்துக்கடை தாண்டி, துணி வெளுக்கும் கடை தாண்டி, வரிசையாக நின்ற பழைய குடியிருப்புகளில் ஒன்று. கீழ்த்தளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சாவியை எடுத்து அவள் கதவைத் திறந்தாள்.

சமையலறை வாசலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். கதவு நிலையை ஒரு கை பிடித்திருந்தது. இன்னொரு கை அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. காலடியில் ஒரு டம்ளர் உருண்டு கிடந்தது; தரையெல்லாம் தண்ணீர். கால்கள் இரண்டும் தரையோடு ஆணி அடித்த மாதிரி ஒட்டியிருந்தன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ.

"யாரு... கூட?" என்றார். காற்று மாதிரிதான் குரல் வந்தது.

"எங்க கணக்கு சார்ப்பா."

அந்த மனிதர் மெல்லக் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். "பீரங்கியா?"

பட்டாணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பீரங்கிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஆமாங்க, அதேதான்" என்றார்.

அவள் அப்பாவிடம் ஓடவில்லை. முதலில் துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள், வழுக்கக்கூடாதே. பிறகு மாத்திரையைப் பிரித்து அவர் வாயில் வைத்து, உறிஞ்சு குழல் போட்ட டம்ளரை நீட்டி, "தாடையத் தாழ்த்திக்கோங்க. ம், இப்ப முழுங்குங்க" என்றாள். அப்பாவின் சட்டைக் கைப்பொத்தான் கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டாள். அப்புறம் தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள்.

"ஸ்டாப்பிங்ல ஆள் எல்லாம் ஏறியாச்சு. போலாம் ரைட்!"

ஒட்டியிருந்த கால் ஒன்று எழுந்து அவள் பாதத்தைத் தாண்டியது. அப்புறம் மற்றது. நாற்காலி வரைக்கும் பஸ் போய்ச் சேர்ந்தது.

"அரை ஆயுசு பஸ் ஓட்டினேன் சார்" என்றார் அவர், மருந்து வேலை செய்து குரல் கொஞ்சம் திரும்பி வந்த பிறகு. "மலைப்பாதையில எல்லாம் ஓட்டியிருக்கேன். இப்ப என் காலை ஸ்டார்ட் பண்ண ஒரு கண்டக்டர் வேணும். நடுக்குவாதமாம். கிழவங்களுக்கு வர்றது, எனக்கு ஆண்டவன் முன்கூட்டியே ரிசர்வ் பண்ணிட்டான். மாத்திரை ஓடுற வரைக்கும் நான் ராஜா. தீர்ந்துபோச்சுன்னா சிலை."

மனைவி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். விடிந்தும் விடியாமலும் போனால் சாயங்காலம்தான் வருவாளாம். பிறகு, மனசார ஒரு பாராட்டு மாதிரி, "உங்க ஸ்கூல்ல இது ஒரு நல்ல பழக்கம் சார். மத்தியானம் எல்லாப் புள்ளைங்களையும் வீட்டுக்கு விட்டுடறீங்களே. அது இல்லன்னா எங்க பாடு திண்டாட்டம்" என்றார்.

பீரங்கி நிமிர்ந்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி பட்டாணி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண் இரண்டும் கெஞ்சின.

"அது வந்து... ஆமா... விடறோம்" என்றார் பீரங்கி. வாழ்நாளில் முதல்முறையாக அவர் குரல் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை.

பஸ் டிரைவருக்கு மனிதர்களைத் தெரியாதா? டிக்கெட் எடுக்காதவனைக் கண்ணாடியிலேயே கண்டுபிடித்தவர். மெல்லக் கழுத்தைத் திருப்பி மகளின் முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். சாரின் முகத்தைப் பார்த்தார்.

"விடறதில்ல, இல்லையா?"

பட்டாணி சிராய்த்த முட்டியைப் பாவாடையால் மூடிக்கொண்டாள்.

"தினமும் ஓடி வந்து ஓடிப் போனியா? திட்டும் வாங்கிக்கிட்டு?"

"கொஞ்சமாத்தான்பா திட்டுவாங்க" என்றாள் பட்டாணி.

அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும் என்று பீரங்கி பிறகுதான் தெரிந்துகொண்டார். அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. புருவம் சுருங்கவில்லை, உதடு கோணவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கி வந்தது. பட்டாணி தன் பாவாடை ஓரத்தால் துடைத்துவிட்டு, சாரிடம் திரும்பி, அவ்வளவு நேரமும் நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அப்பாவை எங்கயாவது அனுப்பிடுவாங்களா சார்? என்னை ஹாஸ்டல்ல போட்டுடுவாங்களா?"

"யாரும் யாரையும் எங்கயும் அனுப்பப் போறதில்ல" என்றார் பீரங்கி. சொல்லிவிட்டு, இதைச் சொல்வதற்குத் தனக்கு என்ன அதிகாரம் என்று யோசித்தார். அதிகாரம் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனார். பட்டாணியின் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. விஷயம் அவளுக்கு எட்டிவிட்டது. வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"புள்ளைய வேலைக்காரி ஆக்கிட்டோம்னு சொல்ல வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றார் நர்ஸம்மா. "உங்க பொண்ணு இந்த சாரை எழுப்பி நிறுத்தினதப் பார்த்தேன். எங்க ஆஸ்பத்திரியில சில பேருக்கு அது இன்னும் வரல. இவ்வளவு பொறுமையா யாரு வளர்த்தாங்கன்னு பார்க்கணும்னு தோணுச்சு."

அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "ஸ்கூல்லயே விடறாங்கன்னு சொன்னா" என்றாள் துணிக்குள்ளிருந்து. "நம்பினேன். நம்பினாத்தான் நான் வேலைக்குப் போக முடியும். அதனால நம்பினேன்."

நர்ஸம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு நர்ஸம்மா பட்டாணியைக் கூப்பிட்டு, பெரியவர்களிடம் கேட்கிற மாதிரியே கேட்டார்: "அப்பாவைப் பார்த்துக்கறதுல உனக்கு எது பிடிக்கும்? எது பிடிக்காது?"

பட்டாணிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு" என்றார் அப்பா.

"ஷேவ் பண்ணி விடறது பிடிக்கும்" என்றாள். "நுரை எல்லாம் போட்டு... அப்பா அப்ப பழைய கதையெல்லாம் சொல்வாரு. நடக்க வைக்கறதும் பிடிக்கும்." நிறுத்தினாள். "பாத்ரூம்ல விழுந்தா பிடிக்காது. அப்ப அப்பா என்னைப் பார்க்க மாட்டாரு, சுவத்தப் பார்ப்பாரு." தரையைக் காலால் தேய்த்தாள். "ஸ்கூல்ல இருக்கறப்ப வீட்டயே நினைச்சுட்டு இருக்கறது பிடிக்காது. சார் போர்டுல எழுதுவாரு, எனக்கு அப்பா விழற சத்தம் கேக்கற மாதிரியே இருக்கும்."

பீரங்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பார்ப்பதற்கு ஒரு சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அப்ப பிடிச்சதெல்லாம் நீயே வச்சுக்கோ" என்றார் நர்ஸம்மா. "மத்ததுக்கு நாங்க ஆள் பார்க்கறோம்."

சொன்னபடியே செய்தார். உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. நாலு இடம் அலைய வேண்டியிருந்தது, இரண்டு இடத்தில் கதவை முகத்தில் சாத்தினார்கள். டாக்டர் மாத்திரை வேளைகளை மாற்றி அமைத்தார். குளியலறையில் கைப்பிடிக் கம்பி வந்தது. மத்தியானத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாகப் போகும் உதவியாளர் ஒருவர் வர ஏற்பாடானது. நடுத்தர வயசு. முன்பு ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தவராம். மாத்திரை கொடுக்கும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை: "வேற என்னண்ணே வேணும்? சூடா தண்ணி, ஆறின தண்ணி, ரெண்டும் ரெடி."

இதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் பட்டாணிதான். உதவியாளர் முதல்நாள் வந்தபோது பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் இருந்தாள். சுவரோடு சாய்ந்து நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அவர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து முன்னால் இழுத்ததுதான் தாமதம், பாய்ந்துவிட்டாள்.

"இழுக்காதீங்க! இழுத்தா அவரு இன்னும் ஒட்டிக்குவாரு. அப்பாவுக்கு யாரும் வேணாம். நானே பார்த்துக்கறேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. அன்று அங்கே வந்திருந்த பீரங்கி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்வது அவருக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை.

"பட்டாணி, நான் உட்கார்ந்துட்டேன். எழுந்திருக்கணும்னா நீதான் வரணும்" என்றார்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் நல்லாத்தானே பார்த்துக்கிட்டேன்?" என்று ஒரு குரல் வந்தது.

"உன்ன மாதிரி யாரும் பார்த்துக்க முடியாது. அதுக்காக நீ ஒருத்தியே பார்த்துக்கணும்னு இல்ல. அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியல. நீ சொல்லிக்குடுத்தா என்ன?"

கதவு திறந்தது. முதலில் சாரை எழுப்பி நிறுத்தினாள். அப்புறம் உதவியாளரிடம் போய், பாதத்தை எப்படிக் குறுக்கே வைப்பது, எதைச் சொன்னால் அப்பாவுக்குச் சிரிப்பு வந்து கால் இளகும், பேசும்போது எதிரே நின்று ஏன் பேச வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவர் "போலாம் ரைட்" என்று கத்தியது சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "புது கண்டக்டருக்கு ட்ரெயினிங் பலமா இருக்கே" என்றார்.

பள்ளிக்கூடத்திலும் ஒன்று நடந்தது. "ஒருத்தி இருந்தா அவ மட்டும்தான் இருப்பாளா?" என்று நர்ஸம்மா கேட்டிருந்தார். தலைமையாசிரியை அந்தக் கேள்வியை ஆசிரியர்கள் நடுவில் போட்டார். சோம்பேறி, அழுமூஞ்சி, வீட்டுப்பாடமே செய்யாதவன் என்று அவரவர் தலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முத்திரை இருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாளே, "நான் கதவப் பூட்டறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்று சொன்னார். பிறகு வாரத்தில் ஒரு மத்தியானம் நூலக அறையைத் திறந்துவிட்டார்கள். வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் வரலாம். சாப்பிடலாம், விளையாடலாம், தூங்கலாம், பேசினாலும் பேசலாம். நர்ஸம்மா வருவார்.

முதல் வாரம் பட்டாணி மட்டும்தான் வந்தாள். அவளும் பீரங்கியும் நர்ஸம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பெண். அவள் தம்பிக்கு வலிப்பு. அதற்கடுத்த வாரம் வாசலில் ஒரு பெரிய நிழல் விழுந்தது. மலை.

"சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்றான்.

பட்டாணி பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். டப்பாவில் பாதி காலியான பிறகு அவனாகவே, சோற்றைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மா சில நாள் எழுந்திருக்கவே மாட்டாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எழுந்திருக்க மாட்டாங்க. நான்தான் தங்கச்சிகளுக்குச் சமைப்பேன்" என்றான். பிறகு தலையைத் தூக்கி, "நல்லாவே சமைப்பேன்" என்றான்.

"எங்க, ஒரு வாய் குடு" என்றாள் பட்டாணி. தின்று பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், மலையும்தான்.

இதெல்லாம் ஆனாலும் பட்டாணியின் கால்கள் உடனே நிற்கவில்லை. மத்தியான மணி அடித்ததும் பழக்கத்தில் பின்கதவு வரைக்கும் போய்விடுவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். விளையாடக் கூப்பிட்டால் வர மாட்டாள். விளையாடத் தெரியாது என்பாள். அதற்குத் தலைமையாசிரியைதான் ஒரு வழி செய்தார். மாத்திரை போட்டுக்கொண்டதும் அப்பா ஆசிரியர் அறைக்குப் போன் செய்ய வேண்டும், அவள் வந்து பேச வேண்டும். பட்டாணி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, "முழுங்கினீங்களா? தாடையத் தாழ்த்தினீங்களா? விழலையே?" என்று கேட்பாள். போகப் போகக் கேள்விகள் குறைந்தன. "சாப்பிட்டீங்களா? சரிப்பா, வைக்கறேன், வெளிய ஆட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க" என்று ஒற்றைக் காலில் நின்று பேசிவிட்டு ஓடினாள்.

ஒரு சாயங்காலம் அந்த வழியாகப் போன பீரங்கி எட்டிப் பார்த்தபோது டிரைவர் சொன்னார்: "உண்மையச் சொல்லட்டுமா சார்? மத்தியானம் அவ வராதது எனக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கு. கதவுல சாவி போடற சத்தத்துக்குக் காது இன்னும் காத்துக்கிட்டே இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இத அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம். ஆசிரியர் அறையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பட்டாணியைக் காணோம். பீரங்கி எடுத்தார்.

"சார், அவ வரலையா? எங்க போனா? உடம்புக்கு ஏதாவதா?"

சார் போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் பக்கம் போனார். மைதானத்தில் ஒரு கூட்டம். நடுவே பட்டாணி. தலைமுடி கலைந்து, முகமெல்லாம் புழுதி. அவளைவிட இரண்டு மடங்கு உயரமான மலையின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக்கொண்டு எக்கி எக்கிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் அவுட் இல்ல! நீ தொடவே இல்ல! பொய் சொல்லாத! தொட்டது என் பாவாடைய! பாவாடையத் தொட்டா அவுட்டா? எந்த ஊர் சட்டம் அது?"

"விளையாடறா" என்றார் பீரங்கி. "அவுட் ஆயிட்டா. ஒத்துக்க மாட்டேங்கறா."

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"கூப்பிடட்டுமா?" என்றார்.

"வேணாம் வேணாம்." அந்த மெல்லிய குரல் அவசரப்பட்டது. "கூப்பிடாதீங்க சார். போன மட்டும் கொஞ்சம் ஜன்னல் பக்கமா புடிங்க."

பீரங்கி போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். வெளியே சண்டை முற்றியிருந்தது. பட்டாணி இப்போது அழுதுகொண்டே கத்தினாள். ஒரு ஆட்டத்துக்காக, ஒரு பாவாடை ஓரத்துக்காக, வாய்விட்டு, வெட்கமே இல்லாமல் அழுதாள். போனைப் பிடித்த கை வலித்தது. சார் கையை மாற்றிக்கொண்டு பிடித்தார்.